ஹாலோவே கவுண்டியில் பத்து மணி

அநியாயம் நடந்தது சுகந்தி அக்காவுக்கு. செய்தது அலபாமா மாநிலத்து ஹாலோவே கவுண்டியின் குடிநீர் வாரியம். சரியான நேரத்துக்குப் போன ஒருத்தியைத் தாமதமாக வந்தாய் என்று சொல்லி, கையில் இருந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் சார். நீங்கள் சும்மா ‘மணி என்னம்மா?’ என்று கேட்டீர்கள். இந்தப் பக்கத்தில் அது சும்மா கேட்கிற கேள்வி இல்லை.

உங்கள் கைக்கடிகாரத்தைக் காட்டுங்கள். ம். இப்போது என் போனைப் பாருங்கள். ஒரு மணி நேரம் வித்தியாசம். இரண்டுமே ரிப்பேர் இல்லை. நீங்கள் மாண்ட்கமரியில் ஏறியவர், உங்களுடையது அலபாமா நேரம். நான் ஏறினேனே அந்தப் பெட்ரோல் பங்க், அதுவும் அலபாமாதான். ஆனால் அங்கே ஓடுவது பக்கத்து மாநிலமான ஜார்ஜியாவின் நேரம். ஏன் என்று கேளுங்கள். கேட்க மாட்டீர்களா? பரவாயில்லை, அட்லாண்டா போய்ச் சேர இன்னும் பாதி வழி இருக்கிறது, நானே சொல்கிறேன்.

பஸ்ஸில் இத்தனை சீட் காலியாக இருக்கும்போது உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததற்குக் காரணம், உங்கள் மடியில் இருக்கிற மஞ்சள் பை. ஈரோட்டு ஜவுளிக்கடை. நான் குமாரபாளையம். மேகலா. அட்லாண்டாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறேன். தலைப்பு என்ன தெரியுமா? ஜார்ஜியா, அலபாமா இரண்டு மாநிலங்களின் எல்லைக் கவுண்டிகளில் வேலைவாய்ப்பின் வரலாறு. சிரிக்காதீர்கள். என் அப்பாவும் இப்படித்தான் சிரித்தார். “வேல கெடைக்காத வரலாறு நம்மூர்லயே கொட்டிக் கெடக்குது, அதுக்கு ஏங்கண்ணு ப்ளேன் ஏறோணும்?” என்றார். படிக்காதவர், விடுங்கள்.

கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மாவட்டம் என்று சொல்லி மாவட்டத்தை அவமானப்படுத்தக் கூடாது. தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் பெரிய ஜார்ஜியாவில் நூற்றைம்பத்தொன்பது கவுண்டி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோர்ட்டு, ஒரு ஜெயில், வாசலில் துப்பாக்கியைப் பிடித்தபடி ஒரு கல் சிப்பாய். ஏன் இத்தனை என்று கேட்டால், அந்தக் காலத்தில் விவசாயி கோவேறு கழுதையில் ஏறிக் கோர்ட்டுக்குப் போய் அன்றைக்கே வீடு திரும்ப வேண்டும், அந்தத் தூரத்தை வைத்துப் பிரித்தோம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். கழுதை அளந்த நிர்வாகம் சார். கழுதை போய் நூறு வருஷம் ஆகிறது, எல்லையை மட்டும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

சரி, கடிகாரத்துக்கு வருகிறேன். சட்டஹூச்சி என்று ஒரு ஆறு. நம் பவானிக்கும் குமாரபாளையத்துக்கும் நடுவில் காவிரி ஓடுகிற மாதிரி, அந்தக் கரை ஜார்ஜியா, இந்தக் கரை அலபாமா. இரண்டு கரையிலும் பஞ்சாலை. ஆலை ஆபீஸ், முதலாளி வீடு எல்லாம் அந்தக் கரையில். கூலி ஆட்கள் பாதிப் பேர் இந்தக் கரையில். சங்கு ஒன்றுதான். ஜார்ஜியாவில் சங்கு ஊதினால் அலபாமாவில் எழுந்திருக்க வேண்டும். பிறகு அரசாங்கம் சட்டம் போட்டு, இந்தக் கோட்டுக்குக் கிழக்கே ஒரு நேரம், மேற்கே ஒரு மணி குறைவு என்று பிரித்தது. அலபாமா முழுக்க அந்தக் குறைந்த நேரத்துக்குப் போனது. ஆற்றோரத்து ஊர்கள் மட்டும் போகவில்லை. சங்கு எப்போது ஊதுகிறதோ அதுதான் நேரம் என்று இருந்துவிட்டார்கள். ஜார்ஜியா நேரத்துக்கு ‘வேக நேரம்’ என்று பெயர். அலபாமாவின் சொந்த நேரத்துக்கு ‘மந்த நேரம்’. தன் மாநிலத்தைத் தானே மந்தம் என்று கூப்பிடுகிற ஜனங்களை வேறு எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

இப்போது ஆலை இல்லை. சங்கும் இல்லை. அந்த இடத்தில் புல் முளைத்திருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடம், பேங்க், முடிவெட்டுகிற கடை எல்லாம் இன்னும் அந்தச் செத்துப்போன முதலாளியின் சங்குக்குத்தான் நடக்கின்றன. சட்டத்தில் ஒரு நேரம், ஊரில் ஒரு நேரம். எழுதி வைத்த பலகை ஒன்றுகூடக் கிடையாது. எல்லாருக்கும் தெரியும் என்கிறார்கள். எல்லாருக்கும் என்றால் யாருக்கு? அதுதான் என் ஆய்வின் மூன்றாவது அத்தியாயம்.

அந்த அத்தியாயத்துக்காகத்தான் சுகந்தி அக்கா வீட்டுக்குப் போனேன். பெரியம்மா மகள். அவள் வீட்டுக்காரர் குமரவேல் மாமா, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கார் சீட்டு தைக்கிற கம்பெனியில் இன்ஜினீயர். வாடகை குறைவு என்று இந்தப் பக்கம் அலபாமாவில் வீடு. கோடை விடுமுறைக்கு என்று போனவள் இலை உதிர்கிற வரைக்கும் இருந்தேன். அக்கா ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. “எப்பக் கண்ணு உனக்குக் காலேஜ் தொறக்கறாங்க?” என்று அடிக்கடி அக்கறையாக விசாரிப்பாள், அவ்வளவுதான்.

அக்கா எம்.எஸ்சி. வேதியியல். கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் ஊரில் சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற இடத்தில் பரிசோதனைக்கூடத்தில் இருந்தவள். வாய்க்காலில் ஓடுகிற நிறத்தைப் பார்த்தே இன்றைக்கு எந்தப் பட்டறைக்காரன் திருட்டுத்தனமாகத் திறந்துவிட்டான் என்று சொல்வாள். சாயப்பட்டறை ஆட்கள் வீடு தேடி வந்து மிரட்டியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவளை இங்கே கூட்டிக்கொண்டு வந்து, கணவனைச் சார்ந்தவள் என்று விசாவில் முத்திரை குத்தி, சமையலறையில் உட்கார வைத்துவிட்டார்கள். மகள் பிறந்து பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்துவிட்டாள். இந்த வருஷம்தான் வேலை செய்ய அனுமதி வந்தது. அட்டை வந்த அன்றைக்கு அக்கா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கவில்லை சார், ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தாள். “தெனம் நூறு தடவ தொறக்கறேன், ஒவ்வொரு தடவையும் பாத்துக்கலாமில்ல?” என்றாள்.

ஹாலோவே கவுண்டி குடிநீர் வாரியத்தில் தண்ணீர்ப் பரிசோதனைக்கு ஆள் தேவை என்று வந்தது. விண்ணப்பித்தாள். நேர்காணலுக்கு அழைப்பும் வந்துவிட்டது. வியாழக்கிழமை காலை பத்து மணி.

எந்தப் பத்து மணி?

சாப்பிட உட்கார்ந்தபோது அக்காதான் இதைக் கேட்டாள். சுவரில் இரண்டு கடிகாரம் இருந்ததால் அவளுக்குக் குழப்பம். ஒன்று மாமாவுடையது, வேக நேரம். இன்னொன்று நான் வாங்கி மாட்டியது, சட்டப்படியான நேரம். ஒரு கொள்கைக்காக மாட்டினேன். அலபாமா மண்ணில் ஒரு சுவரிலாவது அலபாமா நேரம் இருக்கட்டும் என்று. மாட்டிய அன்றைக்கே அக்கா சொன்னாள்: “ஒரு சமையல்கட்டுல ரெண்டு பொம்பள இருந்தாலே சோறு குழையும். நீ ரெண்டு கடிகாரத்தையும் கொண்டாந்து வெச்சிருக்க.” நகைச்சுவை உணர்வு உள்ளவள். போனைப் பார்க்கலாம் என்றால் அது அதைவிட மோசம். ஹாலில் நின்றால் ஜார்ஜியா டவரைப் பிடித்து ஒரு நேரம் காட்டும், பின்கட்டு ரூமுக்குப் போனால் அலபாமா டவரைப் பிடித்து இன்னொரு நேரம் காட்டும். பல் துலக்கப் போய்விட்டு வருவதற்குள் ஒரு மணி நேரம் இளமையாகிவிடலாம்.

மாமா ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார். “இதுல என்ன இருக்குது? பத்துன்னா நம்ம பத்துதான். வேக நேரம்.”

“‘நம்ம’ன்னா யாருங்க மாமா?” என்றேன்.

“இந்த ஊரு.”

“குடிநீர் வாரியம் ஊரோடது இல்லைங்க. கவுண்டியோடது. கவுண்டி மாநில அரசாங்கத்தோட கிளை. மாநிலம் சட்டப்படி மந்த நேரம். அரசாங்கம் பத்து மணின்னு சொன்னா அது சட்டம் சொல்ற பத்து மணிதான். இதில் விவாதத்துக்கு இடமே இல்லை.”

“நாம்போற முடிவெட்டற கடையும்தான் கவுண்டி லைசென்ஸ் வாங்கியிருக்கான். அவன் வேக நேரத்துக்குத்தான தொறக்கறான்?”

“முடிவெட்டறவனையும் அரசாங்கத்தையும் ஒண்ணா வைக்கறீங்களே மாமா!”

“ரெண்டு பேருத்துக்கும் தலையக் குடுத்துட்டு உக்காந்திருக்கோம்ல அம்மிணி?”

இப்படித்தான் பேசுவார். மெக்கானிக்கல் படித்தவர்களோடு வரலாறு பேச முடியாது. அக்கா எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போனை எடுத்தாள். “ஏன் இத்தன ரோசன? அங்க டார்லின்னு ஒரு பொம்பள இருக்கறா, அவதான் கூப்பிட்டுச் சொன்னா. காலைல அவளையே கேட்டுப்போட்டா முடிஞ்சுது.”

நான் தடுத்தேன். தடுத்தது சரிதான், இப்போதும் சொல்கிறேன். கேட்டால் என்ன அர்த்தம்? அவர்களுடைய சட்டவிரோத நேரத்துக்கு நாமே அங்கீகாரம் கொடுத்ததாக அர்த்தம். “அது மட்டுமில்லக்கா,” என்றேன், “வேலைக்கு வர்றவளுக்கு மணி பாக்கவே தெரியலைன்னு நினைப்பாங்க. வெளிநாட்டுக்காரி வேற.” அதுதான் அவளுக்கு உறைத்தது. போனைக் கீழே வைத்துவிட்டாள்.

மாமா விடவில்லை. “செரி, கேக்க வேண்டாம். வேக நேரத்துக்கே போயிருட்டும். மந்த நேரமா இருந்தா ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாப் போச்சு. என்ன கெட்டுது?”

என்ன கெட்டதாம்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை சார். ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் வாசலில் கைகட்டி உட்காருவது. இதுதான், இந்த அடிமைப் புத்திதான், இந்த ஆற்றங்கரையில் நூறு வருஷமாக ஜனங்களைச் சங்குக்கு முன்னால் எழுப்பி வைத்தது. எங்கள் ஊர் விசைத்தறிக் கொட்டகையில் பார்த்ததும் இதைத்தான். ஒரு எம்.எஸ்சி. படித்த பெண், கூலிக்காரி மாதிரி முன்கூட்டியே போய்ப் பல்லை இளிக்க வேண்டுமா? இதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். மாமா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். வாதத்தில் தோற்ற ஆண்கள் தட்டைக் கழுவப் போவார்கள், கவனித்திருக்கிறீர்களா?

அக்கா மட்டும் கேட்டாள். “உனக்கு நிச்சயமாத் தெரியுமா மேகலா?”

“அக்கா, எனக்குத் தெரிஞ்ச விஷயமே இது ஒண்ணுதான்,” என்றேன்.

வியாழக்கிழமை நானும் கூடப் போனேன், ஒரு தார்மீக ஆதரவுக்காக. அக்கா மயில்கழுத்து நிறத்தில் ஒரு சட்டை போட்டிருந்தாள். வழியெல்லாம் கார் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி குளோரின் அளவு, கலங்கல் அளவு என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். வாரிய ஆபீஸ் என்பது ஒரு செங்கல் கட்டடம், பக்கத்தில் உயரமான தண்ணீர்த் தொட்டி, அதில் ஒரு பீச் பழம் வரைந்திருந்தது. பீச் பழம் ஜார்ஜியாவின் அடையாளம். தண்ணீர்த் தொட்டியில்கூடப் பக்கத்து மாநிலத்துக்குச் சலாம் போடுகிறார்கள்! அதை அக்காவிடம் சுட்டிக்காட்டினேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளே போனோம். மேஜைக்குப் பின்னால் வெள்ளை முடியைப் புடைப்பாகச் சீவிய ஒரு அம்மாள். அவள்தான் டார்லின். எங்களைப் பார்த்ததும் வாயில் கை வைத்தாள். “அடடா, கண்ணு! உனக்கு ஏதாவது ஆயிடுச்சோன்னு பயந்தே போயிட்டேன். ரொம்ப நேரம் காத்திருந்தாங்க. எங்க தலைவர் ஹாலிஸ் இப்பத்தான் பம்ப் ஹவுசுக்குக் கிளம்பிப் போனார்.”

‘ஹனி’ என்றாள், அதைத்தான் கண்ணு என்கிறேன். இந்தத் தெற்கத்தி ஜனங்கள் நம் கொங்குப் பக்கத்து ஆட்கள் மாதிரியேதான். கண்ணு, சாமி என்று கூப்பிட்டுக்கொண்டே கழுத்தை அறுப்பார்கள். சுவரில் கடிகாரம் பதினொன்றைக் காட்டியது. அக்கா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் அதைப் பார்த்தாள். அவள் கண்ணில் இருந்த வேதனையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு ஒட்டுமொத்த அமைப்பின் மேல் வருகிற வேதனை சார் அது.

டார்லின் போனைக் கையில் எடுத்தாள். “ஒரு நிமிஷம் இரு, ஹாலிசைத் திரும்பி வரச் சொல்லிப் பார்க்கிறேன். நல்ல மனுஷன்தான்,” என்றாள். பார்த்தீர்களா, சலுகை! நாங்கள் கேட்பது சலுகையா? அது எங்கள் உரிமை. அங்கேயே ஆரம்பித்தேன். இந்தச் சுவர்க் கடிகாரம் மத்திய அரசின் சட்டத்துக்கு விரோதமானது. இந்த ஆபீஸ் நடப்பது மக்கள் வரிப்பணத்தில். அழைப்பில் எந்த நேரம் என்று குறிப்பிடாதது நிர்வாகக் குற்றம். நான் ஒரு ஆராய்ச்சியாளர். டார்லின் எண்களை அழுத்திக்கொண்டிருந்தவள், அப்படியே என்னைப் பார்த்தபடி ரிசீவரைத் திரும்ப வைத்துவிட்டாள். அக்கா என் முழங்கையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள், நீலம் பாரித்துவிட்டது. பாவம், பதற்றத்தில் என்ன செய்கிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

“பரவால்லீங்க, நாங்க கெளம்பறோம்” என்று அவள் தமிழிலேயே டார்லினிடம் சொன்னாள். அந்த அளவுக்கு உடைந்துபோயிருந்தாள்.

வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த அட்டையை எடுத்து ஒரு டிராயருக்குள் போட்டாள். பால் எடுக்கப் போனவள் கதவைத் திறக்காமலே கொஞ்ச நேரம் நின்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. நான் எதற்காகப் படித்தேன்? இந்த மாதிரி நேரத்தில் ஒதுங்கி நிற்கவா? விடமாட்டேன்கா, என்றேன். “விட்டுடு கண்ணு,” என்றாள். பெருந்தன்மை. பாதிக்கப்பட்டவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது அதுதான், புத்தகங்களில் இருக்கிறது.

இங்கே ஒரு வசதி சார், எந்த வாரியமாக இருந்தாலும் கூட்டம் பொதுவில்தான் நடக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் போய் மூன்று நிமிடம் பேசலாம். அடுத்த கூட்டம் செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு மணி என்று வாசலில் ஒட்டியிருந்தார்கள். போனேன். மாமா கொண்டுவந்து விட்டார். வரவே வேண்டாம் என்று நான் எவ்வளவு சொல்லியும் அக்காவும் வந்து, மாமாவோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மயில்கழுத்து சட்டை போடவில்லை.

மேடையில் ஐந்து பேர். நடுவில் இருந்தவர் ஹாலிஸ் ப்ரூயிட், வாரியத் தலைவர். தோளில் பட்டை வைத்த கால்சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. எனக்கு முன்னால் பேசியவர் தன் தெருவில் குழாய் உடைந்து நாய்க்கு ஜலதோஷம் பிடித்ததைப் பற்றிப் பேசினார். அதை ஐந்து பேரும் தலையாட்டிக் கேட்டார்கள். இதுதான் இவர்களின் ஜனநாயகம்.

நான் எழுந்தேன். குறிப்பே இல்லாமல் பேசினேன். கழுதை அளந்த கவுண்டியிலிருந்து ஆரம்பித்து ஆலை, சங்கு, எல்லைக்கோடு, மந்த நேரம் எல்லாவற்றையும் தொட்டு, இந்த ஊர் இன்னும் ஒரு பிணத்திடம் கூலி வேலை பார்க்கிறது என்று முடித்தேன். முடித்தேனா, முடிக்கப் போனபோது மணியை அடித்துவிட்டார்கள். அக்காவைப் பற்றிச் சொல்ல நேரம் இல்லாமல் போய்விட்டது. ஆனால் அடிப்படைப் பிரச்சினையைச் சொல்லியாகிவிட்டது இல்லையா, தனி மனிதர்கள் அதற்கு ஒரு உதாரணம்தானே.

ப்ரூயிட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த ஊர்க்காரர்கள் ஒரு வாக்கியம் பேச எடுத்துக்கொள்கிற நேரத்தில் நாம் ஒரு இட்லி சாப்பிட்டுவிடலாம்.

“மேடம்,” என்றார், “என் அம்மா அந்த மில்லில்தான் இருந்தாள். நீங்கள் சொன்ன வரலாறு எல்லாம் எனக்குச் சரி என்றுதான் படுகிறது. ஒன்றே ஒன்று. இன்றைய கூட்டத்துக்கு ஆறு மணி என்று மட்டும்தான் ஒட்டினோம். நாங்கள் விளக்கு போட வரும்போதே நீங்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள். எந்த ஆறு என்று உங்களுக்கு யார் சொன்னது?”

சிரித்தார்கள். நாய்க்காரர்கூடச் சிரித்தார். இதை ஒரு பதில் என்று சொல்வீர்களா? விஷயத்தைத் திசை திருப்புகிற மலிவான வக்கீல் வேலை. நான் முன்னதாகவே போனது ஒரு முன்னெச்சரிக்கை. எந்த நேரமாக இருந்தாலும் தவறவிடக் கூடாது என்று போய் உட்கார்ந்தேன். அது புத்திசாலித்தனம். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நீங்களே சொல்லுங்கள். ஏன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்? வெளியே பைன் மரத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம். அக்கா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். பேசுகிறவர்கள் வரிசையில் அவள் பெயர்கூட இல்லை.

“சார், நான்தான் அன்றைக்கு நேரத்துக்கு வராதவள். தப்பு என்னுடையது. கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. மன்னியுங்கள்,” என்றாள்.

எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது சார். யாருக்காக இவ்வளவும்? பாதிக்கப்பட்டவளே எழுந்து குற்றவாளியிடம் மன்னிப்புக் கேட்டால் போராடுகிறவள் எங்கே நிற்பது? அதோடு நிறுத்தினாளா? ப்ரூயிட், “இதற்கு முன்னால் எங்கே தண்ணீர் பார்த்தீர்கள்?” என்று கேட்டார். இவள் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். காவிரிக் கரை, சாயப்பட்டறை, மழை நாளில் வாய்க்கால் எந்த நிறத்தில் ஓடும், தீபாவளிக்கு முன்னால் எப்படி ஓடும் என்று. ஒரு மேடைப் பேச்சாளருக்குரிய ஒரு குணமும் கிடையாது அவளிடம். கையைப் பிசைந்துகொண்டே பேசினாள். ப்ரூயிட், “இங்கேயும் மில் இருந்தபோது ஆறு இப்படித்தான் ஓடும். அன்றைக்குச் சாயம் ஏற்றிய துண்டு எந்த நிறமோ ஆறும் அந்த நிறம். என் அம்மா சொல்வாள்,” என்றார். இருவரும் ஏதோ சொந்தக்காரர்கள் மாதிரி பேசிக்கொண்டே போனார்கள். எனக்கு மூன்று நிமிடத்தில் மணி அடித்தவர்கள், அவளுக்கு மணியே அடிக்கவில்லை. பாரபட்சம் என்றால் இதுதான்.

திரும்பி வரும்போது காரில் நான்தான் பேசினேன். “நீ கேட்ட மன்னிப்பை அவங்க ஆதாரமாப் பயன்படுத்துவாங்க அக்கா,” என்றேன்.

“ஏனுங்க,” என்று மாமாவைக் கூப்பிட்டாள் அக்கா. “அட்லாண்டா பஸ்ஸு நாளைக்கு எத்தன மணிக்கு?”

“வேக நேரமா, மந்த நேரமா?” என்றார் மாமா. இரண்டு பேரும் சிரித்தார்கள். துன்பத்திலும் சிரிக்கிற தம்பதி. டிக்கெட்டையும் அன்றைக்கே அவளே போட்டுவிட்டாள். காசு கொடுக்கிறேன் என்றேன், வாங்கவில்லை. எவ்வளவு பாசம் பாருங்கள். ஆய்வுக்கு எனக்கு இன்னும் பத்துப் பதினைந்து பேரைப் பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் அவளுக்கு என் படிப்பு கெட்டுவிடக் கூடாது என்ற கவலை. அதனால் நானும் கிளம்பிவிட்டேன்.

இந்தப் பையைப் பாருங்கள். புளிசோறு, தக்காளித் தொக்கு, ஒரு டப்பா முறுக்கு. எடுத்துக்கொள்ளுங்கள், கூச்சப்படாதீர்கள். ஒரு மாதத்துக்குத் திரும்பியே வர வேண்டியதில்லை, அந்த அளவுக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறாள். அடியில் கனமாக ஏதோ இடிக்கிறதே என்று பார்த்தேன். நான் மாட்டிய கடிகாரம். பழைய துண்டில் சுற்றி, பேட்டரியைக் கழற்றித் தனியாகக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறாள். ஞாபகார்த்தமாக. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

ஆனாலும் கொள்கை வேறு, பாசம் வேறு. பஸ் ஏறியதும் அவளுக்கு மெசேஜ் போட்டேன். நீளமாகத்தான் போட்டேன். ‘அவர்கள் மறுபடியும் கூப்பிட்டால் உடனே போய்விடாதே. எந்த நேரம் என்று எழுத்தில் தரச் சொல். சென்ற முறைக்கு வருத்தம் தெரிவிக்கச் சொல். சாட்சிக்கு நான் வருகிறேன், எந்த நாள் என்று மட்டும் சொல், அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன்.’ இன்னும் பதில் வரவில்லை. யோசித்துக்கொண்டிருப்பாள். இதெல்லாம் படித்தவுடன் பதில் சொல்கிற விஷயமா?

இதோ பாலம் வந்துவிட்டது. இதுதான் சட்டஹூச்சி. இனி ஜார்ஜியா. உங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வையுங்கள். இல்லை, என் கொள்கைப்படி… சரி, தள்ளி வையுங்கள், போனில் பேசினீர்களே, உங்கள் மகள், அவர் பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பார்.

இருங்கள், போன் அடிக்கிறது. இல்லை, மெசேஜ்தான். அக்கா! சொன்னேன் அல்லவா, என் யோசனைக்குப் பதில் போடாமல் இருக்க மாட்டாள். படிக்கிறேன், கேளுங்கள்.

“மேகலா, டார்லின் கூப்பிட்டா. வியாழக்கெழம பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. எந்தப் பத்துன்னு அவளையே கேட்டுப்போட்டேன், சிரிச்சுக்கிட்டே சொன்னா. நீ வந்தராத கண்ணு.”